கங்குலியும் காலுறையும்

மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுக்கும் மிட்டாய்தான். படித்தது பி.காம். அதுவும் காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரை நான் பாஸ் செய்தேனா, அது பாவம் பார்த்து என்னை விட்டுவிட்டதா என்று இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்டவன் மூளை ஸ்கேனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால், அதற்கு ஒரே காரணம் என் வாய்.

கதை குடுமியான்மலையில் ஆரம்பிக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர். ஒரு குன்று, அதன் அடியில் சிகாநாதசுவாமி கோயில். அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. சாமிக்கு வந்த மாலையைத் தன் காதலிக்குச் சூட்டி அழகு பார்த்துவிட்டார் ஓர் அர்ச்சகர். அந்த நேரம் பார்த்து ராஜா வந்துவிட்டார். அவசரத்தில் அதே மாலையை எடுத்து சாமிக்குச் சாத்தி, பிரசாதமாக ராஜாவிடம் கொடுக்க... மாலையில் நீளமாக ஒரு தலைமுடி!

"என்னய்யா இது?"

"அது வந்து... நம்ம சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா!"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ராஜா கருவறைக்குள் எட்டிப் பார்த்தால், பக்தனைக் காப்பாற்ற லிங்கத்துக்கு நிஜமாகவே குடுமி முளைத்திருந்ததாம்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் அவர் ஒருவர்தான். அதே கோயிலில் நானும் வாயில் வந்ததைச் சொன்னேன். தப்பவில்லை.

2022 ஜூன். அக்கா பையனுக்கு ஏழாம் மாதம் காதுகுத்து. நாங்கள் கூப்பிடுவது 'துரை'. தாய்மாமன் மடி என்பதால் அன்றைக்கு நான் வி.ஐ.பி. பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ, ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் துரையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் துரை வீறிட்டான். சமாதானப்படுத்த, அவனுக்கு வலது பக்கமாகக் கிலுகிலுப்பையை ஆட்டினேன்.

துரை என்ன செய்தான் தெரியுமா? பக்கத்திலேயே இருந்த வலது கையை நீட்டவில்லை. உடம்பையே முறுக்கி, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து 'லபக்' என்று பிடித்தான்.

"ஆகா! லெஃப்ட் ஹேண்டர்! நம்ம வீட்டுல ஒரு கங்குலி பொறந்திருக்கான்!" என்று கத்தினேன். கங்குலி பேட் பிடிப்பதுதான் இடது கை, பந்து போடுவதெல்லாம் வலது கை என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

அக்காவின் மாமியார் முகம் சுளித்தார். "பீச்சாங்கையாப்பா? சோறு திங்கிற கை சும்மா கெடக்கே... எனக்கு மனசுக்கு ஒப்பல."

விடுவேனா? "அத்தை, அமெரிக்காவையே ஆண்ட ஒபாமா இடது கைக்காரர். அமிதாப் பச்சன் இடது கைக்காரர். இந்தக் காலத்துல போய்..." என்று ஐந்து நிமிடம் சொற்பொழிவு. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை வாயை மூடிக்கொண்டார்.

சிரிக்காதது அக்கா மட்டும்தான். பந்தியில் என் இலைக்கு ரசம் ஊற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, இவன் வலது கையை விரிக்கவே மாட்டேங்கிறான்டா. கட்டை விரலை உள்ள மடக்கி இறுக்கி வெச்சுக்கிட்டே இருக்கான்."

"சொத்தை எல்லாம் கைக்குள்ள மூடி வெச்சிருக்கான்க்கா. சிக்கனக்காரன். பேசாம பி.காம். சேத்து விடு."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

*

ஆகஸ்டில், ஒன்பதாம் மாத ஊசி போட வந்த கிராம சுகாதார நர்ஸ் என்னைப் போல அறிவாளி இல்லை. அவர் சிரிக்கவில்லை. துரைக்கு வலது பக்கம் ஒரு ஸ்பூனை நீட்டினார். இடது கை வந்தது. இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினார். துரை ஸ்பூனைப் பார்த்தான், அழுதான். வலது கை அசையவில்லை.

"அக்கா, ஒரு வயசுக்குள்ள புள்ளைகளுக்கு இடக்கை வலக்கைன்னு கெடையாது. ரெண்டு கையும் சமமா நீட்டணும். ஒரு கையை மட்டும் நீட்டினா, இன்னொரு கையில என்னமோ இருக்குன்னு அர்த்தம். உடனே காட்டுங்க."

அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் ஆபீசில் இருந்தேன். பேலன்ஸ் ஷீட் முன்னால் இருந்தது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகள் நரம்பியல் டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். துரையைத் தரையில் விட்டு அரை மணி நேரம் விளையாடிவிட்டுச் சொன்னார்: "பிறக்கிற சமயத்துல ஸ்ட்ரோக் வந்திருக்கலாம்னு நெனைக்கிறேன்."

"ஸ்ட்ரோக்கா? அது ரிட்டயர் ஆனவங்களுக்கு வர்றதில்லையா டாக்டர்?"

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறோம். வயித்துல இருபதாவது வாரத்துலேர்ந்து, பிறந்து 28 நாள் வரைக்கும் வர்ற ஸ்ட்ரோக்னு தனியாவே ஒரு கணக்கு இருக்கு சார்."

அபூர்வமாக லட்சத்தில் ஒருவருக்கு வரும் என்று நினைத்தேன். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் எல்லா வகைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள்: சுமார் 1100 பிறப்புக்கு ஒன்று! மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பெரும்பாலும் இடது பக்கம். சில குழந்தைகளுக்கு முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து காட்டிக் கொடுத்துவிடும். சிலருக்கு எதுவுமே தெரியாது. நாலைந்து மாதம் கழித்துக் கையை நீட்டிப் பொருளை எடுக்கும்போதுதான் ஒரு கை வரும், ஒரு கை வராது. அதை வீட்டில் இருக்கிற புத்திசாலி மாமா 'கங்குலி' என்று அறிவிப்பான்.

அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறந்த மூன்றாம் நாள் வலது கை 'வெடுக் வெடுக்' என்று இழுத்ததாம். குளிர் என்று எண்ணிப் போர்த்திவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசமா இருக்கறப்ப கிரகணத்தன்னிக்கு அருவாமனையில காய் நறுக்கிட்டேன் டாக்டர். அதனாலயா?"

ஒன்பது மாதமாக அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"இல்லம்மா. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாததாலயும் இல்ல. நஞ்சுக்கொடியில உண்டான ரத்தக் கட்டி காரணமா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. பாதிப் பேருக்கு மேல இதுதான் காரணம்னு கையைக் காட்டவே முடியாது. அருவாமனையைக் கண்டிப்பா காட்ட மாட்டோம்."

அக்கா அன்றைக்கு அழுத அழுகையில் பாதிக்கு மேல் நிம்மதி.

*

எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது, பெரிய காந்தம்தான் என்றார்கள். ஆனால் குழந்தை அசையக் கூடாது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, காதை அடைத்து உள்ளே அனுப்பினார்கள். வெளியே நானும் மச்சானும். உள்ளே இருந்து 'டம்டம்... கர்ர்ர்... டக்டக்டக்' என்று தவில் வித்வானும் தண்டவாளம் போடுகிறவரும் போட்டிக் கச்சேரி நடத்துகிற மாதிரி சத்தம். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பில்லைப் படித்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் சிலர் சாமியைக் கும்பிடுவார்கள், பி.காம்.காரன் பில்லைக் கூட்டிப் பார்ப்பான்.

சாதாரண ஸ்கேனோடு இன்னொரு வகைப் படமும் எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் துரையின் மூளை. அதில் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள், ரங்கோலி போட்டதுபோல.

"இது மூளைக்குள்ள போற நரம்பு நார்க் கட்டுகளோட படம். மூளை மேற்பரப்புலேர்ந்து தண்டுவடத்துக்கு ஒரு மெயின் ரோடு இறங்குது பாருங்க. கையை நீட்டு, காலைத் தூக்குங்கிற ஆர்டர் எல்லாம் இது வழியாத்தான் போகும். இடது மூளையிலேர்ந்து கிளம்புறது கீழ கிராஸ் ஆகி வலது பக்கத்துக்குப் போகும்."

"டபுள் என்ட்ரி மாதிரி" என்றேன். "இடது பக்கம் விழுந்த என்ட்ரி வலது பக்கம் தெரியும்."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன். ஸ்கூல் மணி அடிச்சதும் மைதானத்துல பசங்க எப்படி ஓடுவாங்க?"

"நாலா பக்கமும்."

"அதே பசங்க ஒரு குறுகலான சந்துக்குள்ள போனா?"

"சந்து போற பக்கம்தான் ஓட முடியும்."

"சந்துச் சுவர் இடிஞ்சு கெடந்தா?"

"மறுபடி நாலா பக்கமும் ஓடுவாங்க."

"அவ்வளவுதான் சார் இந்த ஸ்கேன். பசங்க யாருன்னா, மூளையில இருக்கிற தண்ணித் துளிகள். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள். நரம்பு நார்தான் சந்து. மெஷின் சுவரைப் பாக்கறதில்ல. தண்ணி எந்தப் பக்கம் எவ்வளவு ஓடுதுன்னு பாக்குது. அதை வெச்சு சுவர் நல்லா இருக்கா, இடிஞ்சிருக்கான்னு சொல்றோம்."

அந்த ஓட்டத்தை ஒரு எண்ணாக்குகிறார்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பூஜ்யம் என்றால் நாலா பக்கமும் ஓட்டம். ஒன்றை நெருங்க நெருங்க ஒரே திசையில் கட்டுப்பாடான ஓட்டம். ஆக, எங்கள் ஊர் கரண்ட் ரேஷியோ மாதிரி இதுவும் ஒரு ரேஷியோ! துரைக்கு வலது பக்கப் பாதைக்கு ஒரு எண், இடது பக்கப் பாதைக்கு ஒரு எண். டிரையல் பேலன்ஸ் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய டேலி ஆக வேண்டும். ஆகவில்லை. இடது பக்கம் குறைவு. ரோடும் மெலிந்திருந்தது.

என் வாழ்க்கையில் எத்தனையோ டேலி ஆகாத கணக்கைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண் கலங்கியது.

"டாக்டர், கை வருமா வராதா? எத்தனை பெர்சென்ட்?"

"இது போட்டோ சார். ஜாதகம் இல்ல."

*

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. பிராயச்சித்தமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். புரிந்தவரை சொல்கிறேன்.

நரம்பை ஓர் இடத்தில் வெட்டினால் அந்த இடத்தோடு சேதம் நிற்காது. அதற்கு அப்புறம் உள்ள நாரும் வாடிப் போகும் என்று, தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850-ல் சொன்னவர் ஆகஸ்டஸ் வாலர். மின்சார ஆபீசில் ஃபியூஸ் போனால் நம் வீட்டுத் தெரு இருட்டாவது போல. ஆனால் அவருக்கு வெட்டித்தான் பார்க்க முடிந்தது. உயிரோடு இருக்கும் மூளைக்குள், கத்தி வைக்காமல், தண்ணீரின் ஓட்டத்தை வைத்து நார்கள் போகும் திசையைக் கணக்கிடும் முறையை 1994-ல் அமெரிக்காவில் பீட்டர் பாசரும் கூட்டாளிகளும் வகுத்தார்கள். கனடாவில் ஆடம் கிர்ட்டன் குழு 2007-ல் இன்னொன்று சொன்னது. ஸ்ட்ரோக் வந்த பச்சைக் குழந்தைகளை முதல் சில நாட்களுக்குள் இதுபோலப் படம் எடுத்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே இறங்கும் அந்த மெயின் ரோட்டிலும் மாற்றம் தெரிகிறது. எவ்வளவு நீளத்துக்குத் தெரிகிறதோ, அதையொட்டிப் பின்னால் ஒரு பக்கக் கை கால் பலவீனம் வருவதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். 'அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருக்காமல் பயிற்சியை ஆரம்பிக்கலாம்.

நம் ஊரும் சும்மா இல்லை. சுவர் எப்படி இடிந்தது என்று தெரிய, முதலில் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமே! சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்று ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. கருவில் நடு மூன்று மாதங்களில் மனித மூளை எப்படி இருக்கும் என்பதை 5132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் டாக்டரம்மா சொன்ன 'போட்டோ, ஜாதகம் இல்லை' என்பதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை. குடுமியான்மலையில்.

துரையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கோயிலுக்குப் போனேன். அங்கே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 1300 வருஷம் பழசு. கிரந்த எழுத்தில் ஏழு பிரிவாக, ஏழு பண் வகைகளுக்கான ஸ்வரங்களை நான்கு நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்பார்கள். இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. அத்தனை ஸ்வரமும் கல்லில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வீணை எப்படிக் கேட்டது? அறிஞர்கள் இன்னமும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்வரத்தை எழுதி வைக்கலாம். வாசிக்க ஒரு கை வேண்டும்.

ஸ்கேனில் பார்த்த வண்ணக் கோடுகளும் அப்படித்தான். அவை நரம்புகளே அல்ல. தண்ணீர் ஓடிய வழியை வைத்துக் கம்ப்யூட்டர் போட்ட கோடுகள். அந்தப் படத்தின் ஒரு சின்னப் புள்ளிக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் அடங்கியிருக்கும். இரண்டு கட்டுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் கம்ப்யூட்டரே குழம்பும். எது போயிற்று என்று படம் சொல்லும். மிச்சம் இருப்பதை வைத்துக் குழந்தை என்ன வாசிக்கப் போகிறது என்று அதற்குத் தெரியாது.

மிச்சத்தில் ஒரு அதிசயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைக்கும் நார்கள் போகுமாம். வளர வளர, அதே பக்கத்துக்குப் போகும் நார்களில் பெரும்பகுதி வேலை இல்லாமல் விலகிவிடும். ஆபீசில் ஃபைல் கிடைக்காத கிளார்க் மாதிரி. ஒரு பக்கம் அடிபட்ட குழந்தைக்கு, நல்ல பக்கத்திலிருந்து வரும் அந்த நார்கள் தங்கிவிடுவதும் உண்டு. பலவீனமான கைக்குச் சீக்கிரமே வேலை கொடுத்தால், மிச்சமிருக்கும் பாதைகள் பலப்பட வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் காசு. நான் செலவழித்தது இரண்டு.

*

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த வைத்தியத்தைக் கேட்டபோது என்னை யாரோ கேலி செய்வதாக நினைத்தேன். தினமும் அரை மணி நேரம், நல்ல கையான இடது கைக்கு மெத்தென்று ஓர் உறை மாட்டிவிட வேண்டும். வலது கையால் மட்டும் விளையாட வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடையில் அந்த அளவுக்கு உறை கிடைக்கவில்லை. என் ஆபீஸ் காலுறையை (துவைத்ததுதான், சந்தேகப்படாதீர்கள்) அத்தை வெட்டித் தைத்தார். எந்தக் கையைக் கங்குலி என்று ஊர் கூட்டிக் கொண்டாடினேனோ, அந்தக் கையில் நானே அதை மாட்டினேன். துரை உறையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். அவன் அழுத அழுகையைக் கேட்டு அக்கா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் வலது முஷ்டியால் கிலுகிலுப்பையைத் தட்டினான். எத்தனையோ நாள் கழித்து ஒரு சாயங்காலம், கட்டை விரல் வெளியே வந்தது. அத்தை போன் செய்து சொன்னது இரண்டே வார்த்தை: "வெரலு வந்துருச்சு."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சினிமா மாதிரி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. துரை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஓடுவான், வலது கால் கொஞ்சம் பின்தங்கும். சட்டைப் பொத்தான் போட அக்கா வேண்டும். வலிப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இடது கை படம் வரையும்போது, நோட்டு நகராமல் வலது கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மானேஜர் கையெழுத்துப் போட, அசிஸ்டென்ட் பேப்பரைப் பிடித்துக்கொள்வது போல. அசிஸ்டென்ட் வேலையும் வேலைதான் சார். நான் பதினாலு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் அக்கா குழந்தை, தங்கை குழந்தை இருக்கும். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டினால் சிரிக்காதீர்கள், ஸ்பூனை நீட்டிப் பாருங்கள். 2013-லிருந்து மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அதன் தொடர்ச்சியாக மாவட்ட அளவில் அரசு ஆஸ்பத்திரியில் 'டி.இ.ஐ.சி.' என்று ஒரு மையம் இருக்கும். குடுமியான்மலை நர்ஸுக்குத் தெரிந்தது, எம்.ஆர்.ஐ. வருவதற்கு முந்தி வந்த வித்தை. அதற்கு ஒரு ஸ்பூன் போதும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். வாசலில் துரை என்னை நிறுத்தினான். "மாமா, பிடி!"

ரப்பர் பந்து. வலது கையில். பின்னால் போய், உடம்பையே சாய்த்து எறிந்தான். பந்து என் பக்கம் வரவே இல்லை. திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தையின் மடியில் போய் விழுந்தது.

என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அத்தை பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, அன்னிக்கு என்னமோ கங்குலி கங்குலின்னியே... அந்தாளு பந்து போடறது எந்தக் கை?"

"வலது கைதான் அத்தை."